இரண்டு படகு, இரண்டு விதக் கடல்: எதை வாங்குவது?

கேள்வி: நானும் கணவரும் சில வருடங்களாகச் சிறிய பாய்மரப் படகு ஓட்டுகிறோம். பிள்ளைகள் இருவர், 12 வயதும் 14 வயதும். இப்போது உள்ளேயே சமைத்து, தூங்கி, சில நாட்கள் தங்கும் அளவுக்கு ஒரு படகு வாங்கலாம் என்று இருக்கிறோம். இரண்டு பழைய படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று கேடலினா 36, எண்பதுகளின் கடைசியில் கட்டியது, விங் கீல் (படகுக்கு அடியில் நீளும் கனமான கீலின் முனையில் இறக்கை வைத்த, ஆழம் குறைந்த வகை) வைத்தது. இன்னொன்று கிட்டத்தட்ட அதே வயதுள்ள பசிபிக் சீகிராஃப்ட் கிரீலாக் 37. நாங்கள் ஓட்டுவதெல்லாம் ஆழம் குறைந்த ஒரு வளைகுடாவில்தான். வாரக் கடைசிகளில் போவோம், விடுமுறையில் பத்து நாள் கரையோரமாகப் போவோம். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் நாங்கள் இருவர் மட்டும் ஒரு பெருங்கடலைக் கடக்க வேண்டும் என்பது பழைய ஆசை. "ஒரேயடியாக 37ஐ வாங்கிவிடுவோம், 36 பெருங்கடலில் கவிழும், கணக்கே அப்படித்தான் சொல்கிறது" என்கிறார் கணவர். எனக்கோ 36தான் பிடித்திருக்கிறது. நான் வெறும் சொகுசு பார்க்கிறேனா? வேண்டுமானால் 36ஐயே பலப்படுத்திக் கடலுக்குக் கொண்டுபோக முடியாதா?

பதில்: 36ஐ வாங்குங்கள். ஆனால் அதைப் பலப்படுத்திப் பெருங்கடலுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். வாங்கும் முன் படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயராக இந்த இரண்டு மாடல்களின் அடிவயிற்றிலும் ஊர்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டுமே நல்ல படகுகள். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் வாங்கப் பார்க்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

உங்கள் கணவர் சொல்லும் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். 1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. நடுவில் புயல் பிடித்தது. பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள், ஐந்து படகுகள் மூழ்கின, எத்தனையோ படகுகள் பக்கவாட்டில் புரட்டிப் போடப்பட்டன. அதற்குப் பின் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான் கவிழ்வுக் கணக்கு. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, கனமூலம் கண்டு, அதனால் படகின் அகலத்தை (அடியில்) வகுக்க வேண்டும். விடை 2 அல்லது அதற்குக் கீழே வந்தால் பெருங்கடலுக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்பது வழக்கம்.

கேடலினா 36க்குப் போட்டுப் பார்த்தால் (அகலம் ஏறக்குறைய 11 அடி 11 அங்குலம், எடை 13,500 பவுண்டு) 2.0 வருகிறது. கிரீலாக் 37க்கு (10 அடி 10 அங்குலம், 16,000 பவுண்டு) 1.7. ஒன்று சரியாகக் கோட்டிலேயே நிற்கிறது, மற்றது நன்றாக உள்ளே இருக்கிறது. இதைத்தான் கணவர் பார்த்திருக்கிறார்.

ஆனால் இந்தக் கணக்கில் எது இல்லை என்று பாருங்கள். எடை படகில் எங்கே இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. கீலில் இருக்கும் ஈயம் முழுவதையும் எடுத்துப் பாய்மரத்தின் உச்சியில் கட்டினாலும் அதே 1.7தான் வரும். தளத்தின் உயரம், கீலின் ஆழம், தலைகீழாகப் போன படகு திரும்பி நிமிருமா என்பது, எதுவும் அதில் கிடையாது. முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம். 2.0 என்பதால் 36 கவிழ்ந்துவிடும் என்று ஆகாது. அதேபோல், கணக்கில் தேறிவிட்டது என்பதற்காக அது பெருங்கடல் படகாகவும் ஆகிவிடாது. அதைப் பெருங்கடலுக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணங்கள் வேறு.

இன்னொரு கணக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். பாயின் பரப்பை எடையோடு ஒப்பிடும் விகிதம் இரண்டு படகுக்கும் ஏறத்தாழ ஒன்றேதான், 15.6ஐ ஒட்டி வருகிறது. "கனமான படகு, நகராது" என்று கிரீலாக்கைப் பற்றிச் சொல்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. எடை கூட, பாயும் கூட. வித்தியாசம் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. கேடலினாவின் நீர்க்கோடு (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) சுமார் 30 அடி, கிரீலாக்குக்கு 28 அடிக்குச் சற்றுக் குறைவு. நீர்க்கோட்டு நீளத்தை வைத்துப் பார்த்தால் உச்ச வேகம் ஒன்றுக்கு 7.4 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), மற்றதற்கு 7.1 நாட். காற்று நன்றாக இருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இளங்காற்றில்தான் தெரியும். கிரீலாக்கின் கீல் நீளமானது. சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்கும் ஒரு துடுப்புச் சுவர் உண்டு. தண்ணீரில் உரசும் பரப்பு அதிகம். காற்று எட்டு நாட்டுக்குக் கீழே போனால் கேடலினா மெதுவாகவாவது போய்க்கொண்டிருக்கும், கிரீலாக் காரரின் கை எஞ்சின் சாவியைத் தேடும். உங்கள் வளைகுடாவில் கோடைக் காலை நேரங்களில் எத்தனை நாட் காற்று இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

பெருங்கடலில் வேகக் கணக்கு வேறு மாதிரி. 2,500 கடல் மைல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5.5 நாட் என்றால் ஒரு நாளைக்கு 132 மைல், மொத்தம் 19 நாள். 5.8 நாட் என்றால் 18 நாள். ஒரு நாள் முன்னே பின்னே. அந்த ஒரு நாளுக்காகப் படகைத் தேர்ந்தெடுப்பது வீண். அந்த 18, 19 நாளும் நீங்கள் இருவரும் எந்த நிலையில் இருப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் கிரீலாக் தன் பெயரைச் சம்பாதித்தது. படகின் அசைவைக் கணக்கிட டெட் ப்ரூவர் என்ற வடிவமைப்பாளர் ஒரு சூத்திரம் சொன்னார். பாதி விளையாட்டாகச் செய்தது என்று அவரே சொல்லியிருக்கிறார், ஆனாலும் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அதன்படி கேடலினாவுக்கு 24 அளவில் வருகிறது, கிரீலாக்குக்கு 34 அளவில். எண் கூடக் கூட அசைவு மெதுவாகிறது என்று பொருள். விளையாட்டோ இல்லையோ, இந்த இரண்டு படகைப் பொறுத்தவரை அது சொல்வது உண்மை. ஒரே அலையில் கேடலினா சட்டென்று எழும்பி வெடுக்கென்று விழும், முன்பக்கம் தட்டையாக இருப்பதால் எதிர்க்காற்றில் போகும்போது அலையில் அறையும். கிரீலாக் அதே அலையைக் கிழித்துக்கொண்டு மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

ஒரு பிற்பகல் என்றால் இது பெரிய விஷயமில்லை. இரண்டு பேர் மட்டும் மாறி மாறிக் காவல் இருந்து மூன்று வாரம் ஓட்டும்போது, மூன்று மணி நேர ஓய்வில் தூக்கம் வந்ததா இல்லையா என்பதுதான் அடுத்த முடிவைச் சரியாக எடுப்பீர்களா என்று தீர்மானிக்கும். தூக்கம் கெட்டவர் பாயைச் சுருக்கத் தாமதிப்பார். சமைக்க மாட்டார், தண்ணீர் குடிக்க மறப்பார். படகு உடைவதைவிட ஆள் உடைவது கடலில் அதிகம்.

காக்பிட்டையும் பாருங்கள், அதாவது உட்கார்ந்து சுக்கானைப் பிடிக்கும் திறந்த குழியை. கேடலினாவின் காக்பிட் அகலமானது, ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். உங்களுக்குப் பிடித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். அதே காக்பிட்டில் பின்னாலிருந்து ஒரு பேரலை ஏறினால், ஒவ்வொரு கன மீட்டர் தண்ணீரும் ஒரு டன். வடிகால் வழியாக அது இறங்கும்வரை படகின் பின்பக்கம் அமுங்கியே கிடக்கும், அடுத்த அலைக்கு எழும்பாது. கிரீலாக்கின் காக்பிட் சின்னது, விருந்தாளி வந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். அப்படித் திட்டமிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே போனாலும் இதே கதைதான். கேடலினாவின் கூடம் வீட்டு வரவேற்பறை மாதிரி விரிந்திருக்கும். காக்பிட்டுக்குக் கீழே அகலமான இரட்டைப் படுக்கை உண்டு. நங்கூரம் போட்டு நிற்கும்போது அதற்கு இணை கிடையாது. படகு இருபது டிகிரி சாய்ந்து ஓடும்போது அதே அகலம் ஆபத்து. கால் இடறினால் பிடித்துக்கொள்ள எதுவும் எட்டாது, எதிர்ப்பக்கம் போய்த்தான் விழுவீர்கள். அகலப் படுக்கையில் ஆள் உருண்டுகொண்டே இருப்பார். கிரீலாக்கில் எங்கு நின்றாலும் இடுப்போ தோளோ எதிலாவது சாய்ந்திருக்கும். நான்கு பேர் மழையில் இரண்டு நாள் உள்ளேயே அடைந்து கிடந்தால் அங்கே சண்டை வரும், அதில் ஒருவர் 14 வயது என்றால் நிச்சயம் வரும்.

சரி, உங்கள் இப்போதைய ஓட்டத்துக்கு வருவோம். வளைகுடா, ஆழம் குறைவு, வாரக் கடைசி, நான்கு பேர்.

கேடலினாவின் விங் கீல் சுமார் நாலரை அடி ஆழம்தான் கேட்கும். கிரீலாக்கின் வழக்கமான கீலுக்கு ஐந்தரை அடி வேண்டும். இந்த ஓர் அடி பெருங்கடலில் ஒன்றுமில்லை. ஆழமில்லாத வளைகுடாவிலோ, எந்தத் துறைகளுக்குள் நுழையலாம், ஓதம் இறங்கும்போது எப்போது கிளம்ப வேண்டும், இரவில் எங்கே ஒதுங்கலாம் என்பதையெல்லாம் அந்த ஓர் அடிதான் முடிவு செய்யும். விங் கீலுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். சேற்றில் சிக்கினால் அது நங்கூரம் போலவே பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கீல் படகு தரைதட்டினால் ஆட்களை ஒரு பக்கம் உட்காரவைத்துச் சாய்த்து விடுவிக்கலாம். விங் கீலைச் சாய்த்தால் ஒரு பக்க இறக்கை இன்னும் ஆழமாக இறங்கும். நேராக வைத்து, வந்த வழியே பின்னால் இழுப்பதுதான் வழி, அதுவும் ஓதம் இறங்கும் முன்பே.

அப்புறம், மரீனாவுக்குள், அதாவது படகுகளைக் கட்டிவைக்கும் துறைக்குள், நுழைவது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேடலினாவின் கீல் குட்டை, சுக்கான் தனியாகத் தொங்குவது. பின்னால் ஓட்டினால் கொஞ்சம் வேகம் கிடைத்ததும் சொன்ன பேச்சைக் கேட்கும். கிரீலாக் பின்னோக்கி வரும்போது தன் இஷ்டத்துக்குத்தான் வரும், பக்கக் காற்று இருந்தால் பக்கத்துப் படகுக்காரர் தன் ரப்பர் தடுப்புகளோடு ஓடி வருவார். பழகிக்கொள்ளலாம், பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை காலை காற்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும்போது, வெளியே எடுக்கவும் உள்ளே கட்டவும் பயம் தரும் படகு கட்டியபடியே கிடக்கும். ஆறு பருவம் அப்படிக் கிடந்தால் படகும் கெடும், நீங்கள் படித்த பாடமும் மறக்கும். பெருங்கடலுக்கான எல்லாக் கருவிகளும் மாட்டி, கயிறு பாசி பிடித்து, கட்டிய இடத்திலேயே நிற்கும் படகுகள் ஒவ்வொரு மரீனாவிலும் உண்டு. அவற்றைச் சர்வே செய்யப் போகும்போது எஞ்சின் மணிக் கணக்கைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும்.

இதில் கிரீலாக்குக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். வளைகுடாவில் காற்று ஓதத்துக்கு எதிராக அடித்துக் குட்டையான, செங்குத்தான அலை கிளம்பும் நாட்களில் 37தான் சுகம். கேடலினா அன்றைக்கு உங்களைப் படுத்தும். இருபது நாட் காற்றைத் தாண்டினால் அதற்கு முதல் பாய்ச் சுருக்கம் தேவை. சோம்பேறித்தனமாக விட்டால் அதிகம் சாய்ந்து, சுக்கான் பாதி தண்ணீருக்கு வெளியே வந்து, படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பிவிடும். பிள்ளைகளுக்குப் பாயை முன்கூட்டியே சுருக்கும் பழக்கம் வர இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

கணவருக்குக் கிரீலாக்கின் கூரான பின்பக்கத்தின் மேல்தான் காதல் என்று எனக்கு ஒரு சந்தேகம். பெரும்பாலோருக்கு அப்படித்தான். அழகு, மறுக்கவில்லை. பின்னால் வரும் அலையை அது இரண்டாகப் பிளக்கும் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதே அழகுக்காகப் பின்பக்கத்து மிதப்பும், சாமான் வைக்கும் இடமும், பிள்ளைகள் குதித்து நீந்திவிட்டு ஏறிவர வசதியும் போகின்றன.

இனி, 36ஐயே பலப்படுத்தினால் என்ன என்ற உங்கள் கேள்வி. கேடலினா 36ல் நீண்ட தூரம் போனவர்கள் உண்டு. 1982ல் தொடங்கி இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டிய மாடல், யாராவது போகாமல் இருப்பார்களா? ஆனால் பலப்படுத்துவது என்று இறங்கினால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், அவை பிடிக்கும் தகடுகள், சுக்கான், காக்பிட் வடிகால், ஜன்னல்கள், உள்ளே இறங்கும் வாசல் என்று போய்க்கொண்டே இருக்கும். கம்பியை மாற்றலாம், வாசல் பலகையைத் தடிமனாக்கலாம். படகின் உடலின் வடிவத்தை மாற்ற முடியாது. அறையும் அலை அறைந்துகொண்டேதான் இருக்கும்.

சாமான் பிரச்சினையும் உண்டு. இருவருக்கு ஒரு மாதத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்றாலே 240 கிலோ தண்ணீர். டீசல், உணவு, உதிரி பாகங்கள், சங்கிலி, இரண்டாவது நங்கூரம் என்று ஒரு டன் சுலபமாகச் சேரும். ஒரு டன் ஏற்றினால் கேடலினா மூழ்கிவிடாது. ஆனால் அதன் அடிவயிறு தட்டை. கனமான பொருளைக் கீழே, நடுவில் வைக்கக் குழியே கிடையாது. பிறகு எல்லாம் காக்பிட் பெட்டிக்கும் முன் கேபினுக்கும் போகும். இரண்டு முனையிலும் எடை ஏறிய படகு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும், இருந்த கொஞ்ச சுகமும் போகும். அடியில் ஒரு வாளித் தண்ணீர் கசிந்தாலும், படகு சாயும்போது அது பக்கவாட்டில் ஏறி அலமாரித் துணிகளை நனைக்கும். கிரீலாக்கில் தண்ணீர் நிற்கவும் சாமான் இறக்கவும் ஆழம் இருக்கிறது. பலப்படுத்தச் செலவழித்த பணம் விற்கும்போது திரும்பி வராது என்பதையும் மறக்காதீர்கள். வாங்குகிறவர் அதைக் கேடலினா 36 ஆகத்தான் பார்ப்பார்.

"அப்படியானால் இப்போதே 37 வாங்கி ஆறு வருடம் பழகலாமே" என்று கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆறு வருடத்தில் வெயிலில் கிடந்து பாய் கெடும். கம்பிகளைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், அந்தக் கெடு நெருங்கும். எஞ்சினுக்கும் வயது ஏறும். கடலுக்குக் கிளம்பும் நாளில் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை செய்ய வேண்டிவரும். அதற்குப் பதில் 36ஐ நன்றாகப் பயன்படுத்தி விற்றுவிட்டு, அன்றைக்கு உங்கள் ஆசை அப்படியே இருந்தால் அப்போது ஒரு கிரீலாக்கைத் தேடுங்கள். யாராவது கடலுக்கென்று முழுதாகத் தயார் செய்து, கிளம்பாமலே விற்கும் படகு அகப்படும். இது நடக்காத விஷயமில்லை, மேலே சொன்ன பாசி பிடித்த கயிறுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிலையில் மட்டும் என் பதில் மாறும். கடல் கடக்கும் தேதி ஆறு வருடம் கழித்து இல்லை, இரண்டு வருடத்தில் என்றால் தயங்காமல் 37. படகைத் தெரிந்துகொள்ள இரண்டு பருவம் வேண்டும்.

அதுவரை கணவரின் ஆசையைப் பட்டினி போட வேண்டாம். இருவருமாக யாராவது ஒருவருடைய கனமான படகில் ஆள் தேவைப்படும்போது ஏறி, கரை தெரியாத நான்கைந்து இரவுகள் ஓட்டிப் பாருங்கள். கடலில் இரவுக் காவல் பிடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சர்வேயில் கேட்க வேண்டியவை. கேடலினாவைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் கீலும் உடலும் சேரும் இடத்தின் முன்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வரும் விரிசலுக்கு உரிமையாளர்களே 'கேடலினா ஸ்மைல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்பூச்சு மட்டும் வெடித்திருந்தால் போல்ட்டை முறுக்கிப் பூசிவிடலாம். துருநீர் வடிந்தால் பேரத்தை நிறுத்தி, போல்ட்டுகளை உள்ளேயிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கால யுனிவர்சல் டீசல் எஞ்சின்களின் வயரிங் இணைப்புகள் சூடேறி உருகும், மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றிலும் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் மழுங்கினால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. விங் கீலின் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆழமில்லாத வளைகுடாவில் ஓடிய படகு என்றால் அது எத்தனை தடவை தரை தட்டியது என்று விற்கிறவர் சொல்லாததை அது சொல்லும்.

சோதனை ஓட்டத்தன்று காற்று இல்லாவிட்டால் வேறு நாள் கேளுங்கள். மரீனாவிலிருந்து படகைப் பின்னோக்கி வெளியே எடுக்கும்போது சுக்கானை நீங்கள் பிடியுங்கள், கணவர் கயிற்றைப் பார்த்துக்கொள்ளட்டும்.